பழைய சோறு கேட்ட பெரியவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

அவரை எங்கள் குழுவுக்கு அனுப்பிய கடிதத்தில் உணவு பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘சாப்பிட மறுக்கிறார்.’ வயது 76. பெருங்குடலின் கடைப்பகுதியில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. 20 ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவியோடு இருந்தார். ஜாவாவிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர் உடனிருந்தார். மகள் குடும்பம் இரண்டு புளோக் தள்ளி. கீமோ சிகிச்சை நடக்கும்போதே வலிநிவாரணப் பராமரிப்புக் குழுவும் சேர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டில், உணவியல் வல்லுநராக நான் அந்த வீட்டுக்குப் போனேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் எதையும் மறுக்கவில்லை. ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார்: பழைய சோறு. வீட்டில் அதை யாரும் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டார்கள். கடும் நோயில் ஒருவர் விரும்பிக் கேட்கும் எளிய சாப்பாட்டுக்கு, மருந்துக்குத் தரும் அதே கவனத்தைத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘கூடாது’ என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. எப்போது கூடாது, ஏன் கூடாது, எப்போது கூடும், எப்படிச் செய்தால் கூடும் என்று பார்ப்பதுதான் வேலை. இந்த வீட்டில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ஆளும் நோயும்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, 8 வயதில் தாயோடு சிங்கப்பூர் வந்தவர். அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. பின்னாளில் இவரும் அதே துறைமுகத்தில் சேர்ந்தார். 1972-இல் அங்கே முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றபோது வேலையில் இருந்தவர்களில் இவரும் ஒருவர். விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் அப்பாவும் மகனும் சாப்பிட்டது பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். ‘அதைத் தின்னுட்டுப் போனா மத்தியானம் வரைக்கும் தாங்கும்’ என்றார்.

நீரிழிவு வந்த பிறகு அந்த வீட்டில் வெள்ளைச் சோறு குறைந்தது. 2016-இல் நீரிழிவுக்கு எதிரான போரைச் சுகாதார அமைச்சு அறிவித்த பிறகு, பல வீடுகளையும் போல இவர்கள் வீட்டிலும் பழுப்பரிசி, சப்பாத்தி, ஓட்ஸ். மகள் இதில் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு அவருக்குப் பல ஆண்டுகள் நல்ல ஆரோக்கியத்தைக் கொடுத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடலின் நிலைமை மாறியபோது விதியும் மாற வேண்டும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

நான் பார்த்தபோது அவர் எடை 57 கிலோ. 6 மாதங்களுக்கு முன்பு 68. புற்றுநோயில் வரும் உடல் மெலிவுக்கு 2011-இல் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை, 6 மாதத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை இழப்பு. இவர் இழந்தது 16 விழுக்காடு. இந்த மெலிவு சாதாரணப் பட்டினியிலிருந்து வேறுபட்டது. கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் சேர்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூளையில் பசியை அணைக்கின்றன, தசையைக் கரைக்கின்றன. பட்டினி கிடந்தவருக்குச் சோறு போட்டால் உடம்பு தேறும். இந்த மெலிவில், எவ்வளவு ஊட்டினாலும் அதனால் மட்டும் தேறாது. இதை மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

சாப்பாட்டு மேசைச் சண்டை

குளிர்பதனப் பெட்டியின் கதவில் மகள் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தார். காலை, மதியம், மாலை, இரவு என்று கட்டம் போட்டு, எத்தனை கரண்டி உள்ளே போனது என்ற கணக்கு. அவர் சாப்பிட்ட கேப்சிட்டபின் என்ற கீமோ மாத்திரையை உணவு முடிந்து 30 நிமிடத்துக்குள் போட வேண்டும், அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. அதனால் மாத்திரை நேரம் நெருங்க நெருங்க வீடே பதற்றமாகிவிடும். ‘இன்னும் ரெண்டு வாய், என்னங்க’ என்று மனைவி கெஞ்சுவார். அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். மகள் அடுக்களையில் நின்று அழுவார்.

தட்டில் இருந்ததோ கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, கொண்டைக்கடலை. எல்லாம் சத்தானவை. ஆனால் கட்டி குடலை உள்ளிருந்து நெருக்கி, பாதை குறுகிப்போன ஒருவருக்கு நார்ச்சத்து வயிற்று வலியையும் உப்புசத்தையும் கொடுக்கும், சில சமயம் அடைத்தும் விடும். இவருக்குச் சாப்பிட்ட பிறகு வலித்ததற்கு ஒரு காரணம் இது. வலிக்கும் என்று தெரிந்த பிறகு எந்த மனிதர் வாயைத் திறப்பார்? குழைந்த வெள்ளைச் சோறுதான் அந்தக் குடலுக்கு இதமானது. வீட்டில் யாரும் எதிர்பார்க்காத செய்தி அது. அவரைத் தவிர.

பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்து அடுக்கியவை வேறு: கோழிச் சாறு புட்டிகள், அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு நல்லது என்று ஒருவர் வைத்துக் கொடுத்த விரால் மீன் சூப்பு, டின்னில் வரும் சத்துப் பால். சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி, அதனால் மாவுச்சத்தே கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஒன்றையும் மகள் என்னிடம் காட்டினார். உடலின் எல்லா உயிரணுக்களும்தான் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் மெலிவார். இதைச் சொன்னபோது மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அப்போ இத்தனை நாளா சோறு குடுக்காம வச்சது...’ என்று ஆரம்பித்தார். அன்போடு செய்த எதையும் குற்றமாக எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

அடுத்த வேலை உணவே அல்ல, வாய். டார்ச் அடித்துப் பார்த்தபோது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டுகள் போல வெள்ளைப் படிவம். பூஞ்சைத் தொற்று. இதோடு எதைச் சாப்பிட்டாலும் பஞ்சைத் தின்பது போலத்தான் இருக்கும். மருத்துவர் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து எழுதினார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னோம். வலி மருந்தால் வந்த மலச்சிக்கலுக்கும் தாதி வழி செய்தார். எஃகுக் கரண்டி வாயில் இரும்பு ருசியை எழுப்புகிறது என்று அவர் சொன்னதால் பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறினோம். ‘சாப்பிட மாட்டேன் என்கிறார்’ என்ற புகார் வந்தால், சமையலைப் பற்றிப் பேசும் முன் வாயையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இது விடுபட்டுப் போகிறது.

முதலில் ‘இப்போது வேண்டாம்’

பழைய சோற்றை அவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். ‘நீயாவது சொல்லும்மா.’ நான் உடனே சரி என்று சொல்ல முடியாத நிலை. சமைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது. நம் ஊர் இரவு அதற்குள் நன்றாகவே அடங்கும். அந்தக் கிருமி விடும் நச்சுகளில் ஒன்று திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நல்ல உடம்புக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறு சாப்பிட்டு நன்றாக இருந்திருக்கிறார்கள். ஊறும்போது பெருகும் லாக்டிக் அமிலக் கிருமிகள் சோற்றைப் புளிக்கவைத்து மற்ற கிருமிகளைக் கட்டுப்படுத்துவதும் உண்மைதான். ஆனால் கீமோவுக்குப் பின் ஒன்று, இரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். அப்போது சாதாரண வயிற்றுப்போக்கே மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவருக்கு ஒரு சுற்றில் அணுக்கள் இறங்கி, சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. அவருக்கு ஏற்றிய ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து, சில நாள்களுக்குக் குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விழுங்கினாலும் ஊசி குத்துவது போல உணரவைக்கும். பெட்டியிலிருந்து எடுத்த மோரை ஒரு மடக்கு குடித்துத் தொண்டை இறுகிப்போய் அவர் பயந்திருந்தார்.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன், மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு நகரவில்லை. அவர் கவனமாகக் கேட்டார். சரி, இடைக்காலத்துக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தோம். புதிதாக வடித்த சோறு, நன்றாகக் குழைய. அகலத் தட்டில் பரப்பி வெதுவெதுப்பாக ஆறவைத்து, காய்ச்சிய பாலில் தயாராகிக் கடையில் மூடி விற்கும் தயிரைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்பு போட்டு, கழுவிய கையால் பிசைவது. சின்ன வெங்காயத்தைப் பச்சையாக வேண்டாம், வதக்கி.

அவர் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னார்: ‘இது தயிர்ச் சோறும்மா. நல்லா இருக்கு. நான் கேட்டது இது இல்ல.’ உண்மைதான். மாற்று உணவு மாற்று உணவாகவே இருக்கட்டும், அதுதான் அசல் என்று நோயாளியை நம்பவைக்கப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனாலும் அன்று முதல் அவர் அந்தத் தயிர்ச் சோற்றை நாள்தோறும் சாப்பிட்டார். யாரும் கெஞ்சவில்லை. 30 கிராம் அரிசியில் சுமார் 105 கலோரியும் 2 கிராம் புரதமும்தான் இருக்கும், அவர் எடைக்குத் தேவையோ நாளுக்கு 1,400 கலோரிக்கு மேல். அதனால் சோற்றோடு பாசிப்பருப்பை வேகவைத்துச் சேர்த்தோம், ஒரு கரண்டி நெய், சில நாள் காலா மீனை அவித்து உதிர்த்துப் போட்டோம். அளவு கொஞ்சம், வேளை அதிகம். எடை ஏறவில்லை. ஆனால் 4 வாரங்களுக்கு இறங்கவும் இல்லை.

பணிப்பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஊரில் நோயாளிக்கு பூபூர் என்ற அரிசிக் கஞ்சிதான். மெதுவாகக் கொதிக்கும் மின்பானையில் அரிசியோடு ஒரு ரம்பை இலையை முடிந்து போட்டு, இரவே வைத்துவிடுவார். விடியற்காலை 5 மணிக்குத் தாத்தா விழித்ததும், வீட்டில் மற்றவர்கள் எழும் முன், சூடாக ஒரு சின்னக் கிண்ணம். பேச்சு வார்த்தை அதிகம் இல்லை, இருவருக்கும் பொதுவானது சந்தை மலாய் மட்டும். நாளின் மிக நல்ல சாப்பாடு அந்த வேளையில்தான் நடந்தது. மகளின் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

சிகிச்சை நின்ற பிறகு

நான்கு சுற்றுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் வளர்ந்திருந்தன. அடுத்த மருந்தை மருத்துவர் விளக்கினார். அவர் வேண்டாம் என்று முடிவு செய்தார், வீட்டிலேயே இருக்க விரும்பினார். குடும்பம் ஏற்றுக்கொண்டது. இல்ல அந்திமகாலப் பராமரிப்பு தொடங்கியது.

அந்த வாரத்திலேயே ஒரு சம்பவம். காலையில் வியர்த்துக் கொட்டி, ஆள் தெரியாமல் உளறினார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.1 மில்லிமோல், மிகவும் தாழ்வு. பணிப்பெண் சட்டென்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் கால் மணி நேரத்தில் தெளிந்தார். காரணம் எளியது: சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிப்பிசைட் மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் அதை நிறுத்தினார். இந்த நிலையில் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, மிகவும் தாழாமலும், தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும் அளவுக்கு ஏறாமலும் இருந்தால் போதும் என்று விளக்கினோம். கடும் நோயாளி சாப்பாட்டைக் குறைத்துவிட்டால், அதே நாளில் தாதியை அழைத்து நீரிழிவு மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். இதைப் படிக்கும் குடும்பங்களிடம் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்.

வெள்ளை அணுக்கள் இப்போது இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தன. ஆக்ஸாலிபிளாட்டின் நின்றதால் குளிர்ச்சியின் தொல்லையும் போயிருந்தது. பழைய சோற்றைப் பற்றி நானே பேச்செடுத்தேன். மருத்துவர் சம்மதித்தார். கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் கேட்ட கேள்வி: ‘என்னைக்கு?’

மனைவி தேக்கா சந்தைக்குப் போய்ப் பொன்னிப் புழுங்கல் அரிசியும் சின்ன வெங்காயமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வாங்கிவந்தார். அந்த வீட்டில் பல ஆண்டுகளுக்குப் பின் புழுங்கல் அரிசி. இரவு 8 மணிக்குச் சோறு வடித்து, தட்டில் பரப்பிச் சீக்கிரமாக ஆறவைத்து, கொதிநீர் ஊற்றி எடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை மூழ்க ஊற்றி மூடினார். ஒரு வேளைக்கு மட்டும். காலை 7 மணிக்கு எடுப்பது, மிச்சத்தைக் கொட்டிவிடுவது, வாடை மாறினாலோ பிசுபிசுத்தாலோ தொடவே கூடாது. வெங்காயத்தைக் கடித்து ருசித்துவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும், குறுகிய குடலுக்குள் போகக் கூடாது. இவ்வளவுதான் நாங்கள் போட்ட நிபந்தனை.

அன்று காலை தாதியோடு நானும் அங்கே இருந்தேன். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டு வலது கையைக் கிண்ணத்தில் விட்டார். விரல்கள் மெலிந்து நடுங்கின, ஆனால் சோற்றைப் பிழிந்து மசிக்கும் அந்தக் கைப்பழக்கம் அப்படியே இருந்தது. நான்கு வாய் சாப்பிட்டார். அப்புறம் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி நீராகாரத்தைக் குடித்தார், நிறுத்தி நிறுத்தி, முழுவதும். உப்பு போதவில்லை என்று மனைவியிடம் சொன்னார். அத்தனை மாதங்களில் அவர் ஒரு சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 7 வாரங்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் பழைய சோறு, மற்ற நாள் பூபூர், மாலையில் கோப்பியில் நனைத்த பிஸ்கட். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வரவில்லை. ஒருவருக்கு வராததால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்டவணையை மகளே கிழித்தார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அதே சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். மாத்திரைச் சண்டை இல்லாததால் பேச நேரம் இருந்தது. துறைமுகக் கதைகள் பலவற்றை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொன்னார். எடை 51-க்கு இறங்கியது. அதற்குமேல் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

கடைசி நாள்கள்

அவர் பெரும்பாலும் உறங்கத் தொடங்கியபோது மனைவி கேட்ட கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்: ‘குழாய் வச்சாவது குடுக்கலாமா? பட்டினியாப் போயிடுவாரே.’ அந்த நிலையில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதில்லை. வாந்தி, நுரையீரலுக்குள் உணவு இறங்குதல், உடல் வீக்கம் போன்றவற்றைத்தான் கூட்டும். உடல் மெல்ல அடங்கும்போது பசி உணர்வும் அடங்கிவிடுகிறது. நோய்தான் அவரைக் கொண்டுபோகிறது, சாப்பிடாதது அல்ல என்று அருகில் உட்கார்ந்து சொன்னோம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை.

பால் ஊற்றும் வழக்கத்தையும் முன்கூட்டியே பேசிவிட்டோம். உறவினர் எல்லோரும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால், விழுங்க முடியாதவருக்கு மூச்சுத் திணறும். அதற்காக வழக்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை. சுத்தமான பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டையும் நாக்கு நுனியையும் ஈரமாக்கினால் போதும் என்று தாதி செய்துகாட்டினார். மனைவி ஒரு கேள்வி கேட்டார்: பாலுக்குப் பதில் நீராகாரம் தொடலாமா? தொடலாம் என்றோம். இரண்டும் செய்தார்கள். அவர் வீட்டிலேயே, வலியின்றிப் போனார்.

சில வாரம் கழித்து நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனபோது பணிப்பெண் வேறு வீட்டுக்கு மாறியிருந்தார். அந்த அம்மா தனக்கென்று சமைப்பதை விட்டுவிட்டதாக மகள் கவலைப்பட்டார், காலையில் பிஸ்கட், இரவில் ஒன்றுமில்லை. அவருக்கும் நீரிழிவு உண்டு, மாத்திரை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பலதுறை மருந்தகத்தில் அவருக்கு இருந்த மருத்துவச் சந்திப்பை அன்றே முன்கூட்டி மாற்றினோம். மகள் அம்மாவை இரவுச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். என்ன சமைக்கட்டும் என்று கேட்டதற்கு, ரசம் மட்டும் வை, மிளகு கொஞ்சம் தூக்கலாக என்றாராம்.